சூதாட்டத்துக்குத் தடையா, லைசென்ஸா, அரசே கடை போடுவதா?

சூதாட்டத்தை என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தாலே நம் பக்கம் இரண்டே கட்சிதான். ஒன்று "மொத்தமா தடை பண்ணு", இன்னொன்று "எப்படியும் ஆடத்தான் போறான், வரி போட்டு விடு". இரண்டு பேரும் கஜானாவுக்கு என்ன வரும், போலீசுக்கு எது சுலபம் என்பதோடு நின்றுவிடுவார்கள். நான் வேறு ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையையும் பார்க்கிறேன்: வீட்டுக்காரர் சம்பளத்தை விட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்ட ஒரு பெண், இதை நிறுத்துங்கள் என்று எங்கே போய்ச் சொல்லலாம்?

முதலில் தடை. தமிழ்நாட்டில் லாட்டரியை 2003 ஜனவரியில் நிறுத்தினார்கள். அன்றாடக் கூலியில் பாதியைச் சீட்டில் போட்டுக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அது நல்ல காரியம்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு அடுத்து என்ன வந்தது என்று தெரியும்: மூணு நம்பர் லாட்டரி. கேரள லாட்டரிக் குலுக்கல் மதியம் மூன்று மணிக்கு, அந்த ரிசல்ட்டின் கடைசி மூன்று எண்ணை வைத்து இங்கே தனி ஆட்டம். அச்சடித்த டிக்கெட் கிடையாது, துண்டுச் சீட்டில் மூன்று எண் எழுதித் தருவார்கள், இப்போது அதுகூட இல்லாமல் வாட்ஸ்அப்பில் எண்ணைப் போட்டு ஜிபேயில் பணம் அனுப்பினால் முடிந்தது. மூன்று எண்ணும் சரியாக விழ வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று, அப்படியென்றால் ஆயிரம் மடங்கு தந்தால்தான் கணக்கு நேர். அப்படித் தருகிற ஏஜென்ட் தொழிலே நடத்த முடியாது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இந்த ஆட்டத்தால் கடனாகி ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே உயிரை விட்டது. அந்த வீட்டில் யாராவது முன்னாடியே புகார் கொடுக்க நினைத்திருந்தாலும் எங்கே கொடுப்பார்கள்? சட்டப்படி இல்லாத லாட்டரிக்கு அலுவலகமும் இல்லை, கணக்கும் இல்லை.

ஆன்லைன் ஆட்டத்தில் தமிழ்நாடு பட்ட பாடு தனிக் கதை. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கக் கொண்டுவந்த 2021 திருத்தச் சட்டத்தை அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் ஆலோசனை சொல்ல ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழு, 2022 அவசரச் சட்டம், அதற்குப் பதிலாக வந்த மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலில் போட்டது செல்லாது என்றது. இந்தத் திறமையா அதிர்ஷ்டமா வழக்கு பழசு. 1996ல் உச்ச நீதிமன்றம் கிண்டிக் குதிரைப் பந்தயத்தையே திறமை ஆட்டம் என்று சொல்லியிருக்கிறது. பணத்தை விட்டவனுக்கு அது திறமையில் போனதா அதிர்ஷ்டத்தில் போனதா என்பதில் என்ன ஆறுதல் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அந்தத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் எனக்கு உறுத்துவது ஒன்று. ஆன்லைனில் சூதாடுகிறவனுக்கும் மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். இதைப் படித்துவிட்டு எந்த மனைவி, எந்த அம்மா ஸ்டேஷன் படி ஏறுவாள்? மூடி மறைக்கத்தான் பார்ப்பாள்.

அதே சட்டத்தின் கீழ் 2025 பிப்ரவரியில் வந்த விதிகள் ஆச்சரியமாக நன்றாக இருந்தன. பணம் வைத்து ஆடும் ஆப்புகளுக்கு ஆதார் சரிபார்ப்பு, பதினெட்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் மூடல், மாதப் பண வரம்பு, இவ்வளவு நேரமாக ஆடுகிறாய் என்று திரையில் எச்சரிக்கை. நள்ளிரவு மூடல் என்பது விஷயம் தெரிந்தவர் யோசித்தது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒருவன் கடைசி ரூபாய் வரை போவது எல்லாரும் தூங்கிய பிறகுதான். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. சரி, இனி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம் என்றால், அந்த ஆகஸ்டிலேயே மத்திய அரசு திறமை, அதிர்ஷ்டம் எதுவும் பார்க்காமல் பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டம் அத்தனையும் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. நடத்துபவனுக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம், விளம்பரத்துக்குத் தனித் தண்டனை, வங்கிகள் இதற்குப் பணம் அனுப்பித் தரக் கூடாது. ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை, இது தமிழ்நாட்டுச் சட்டத்தைவிட புத்திசாலித்தனம். சில நாளிலேயே பெரிய ஆப்புகள் காசு ஆட்டத்தை நிறுத்தின, இந்திய கிரிக்கெட் அணியின் ஜெர்சியில் இருந்த ஆப்பின் பெயரும் போனது. ஆனால் கிரிக்கெட் பெட்டிங் ஆடுகிறவன் அந்த ஆப்பில் மட்டுமா ஆடினான்? வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவனிடம் 'ஐடி', அதாவது சைட்டுக்குள் நுழையும் கணக்கு, வாங்கி, வெளிநாட்டு சைட்டில், வேறு யாரோ பேரில் இருக்கும் கணக்குக்கு யூபிஐ போட்டு ஆடுகிறவன் ஆடிக்கொண்டுதான் இருக்கிறான். அவன் எவ்வளவு விட்டான் என்பது அவனுக்கும் அந்த ஏஜென்டுக்கும் மட்டும் தெரியும்.

இரண்டாவது வழி, அரசே விற்பது. கேரளா 1967ல் தனித் துறை வைத்து 1968 குடியரசு தினத்தன்று முதல் குலுக்கல் நடத்தியது. ஒரு ரூபாய் டிக்கெட், முதல் பரிசு ஐம்பதாயிரம். இப்போது ஓணம் பம்பர் 25 கோடி. 2023 பம்பர் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு விழுந்த நாளில் இங்கே எத்தனை பேர் கேரள எல்லை வாளையாறுக்கு வண்டி கட்டலாம் என்று பேசினார்கள் என்று கேட்காதீர்கள். குலுக்கலில் தில்லுமுல்லு இல்லை, நடக்க முடியாத எத்தனையோ பேர் டிக்கெட் விற்றுப் பிழைக்கிறார்கள், காருண்யா லாட்டரிப் பணம் ஏழைகளின் வைத்தியத்துக்குப் போகிறது. எல்லாம் சரி. நம் கேள்விக்கு மட்டும் அங்கே பதில் கிடையாது: பேர் எழுதாத தாளைக் காசு கொடுத்து வாங்குகிறவனை யார் தடுப்பது? தவிர, தோற்கிறவன் காசில் ஆஸ்பத்திரிச் செலவு ஓடுகிறது என்று ஆனபின் அவன் குறைவாக வாங்கட்டும் என்று எந்த நிதி அமைச்சர் ஆசைப்படுவார்?

மூன்றாவது, லைசென்ஸ். இங்கிலாந்தை ஒரு வரியில் முடிக்கிறேன்: பெட்டிங் கடைகளில் இருபது விநாடிக்கு ஒருமுறை நூறு பவுண்டு வைக்க முடிகிற மெஷினை இரண்டு பவுண்டுக்கு இறக்க அவர்களுக்கு 2019 ஏப்ரல் ஆனது. பிரான்சைப் பார்ப்போம், பாரிஸ் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கும் வீடு புதுச்சேரியில் ஏராளம். அங்கே 2010ல் ஆன்லைன் ஸ்போர்ட்ஸ் பெட்டிங், குதிரை, போக்கர் மூன்றுக்கும் லைசென்ஸ் கொடுத்தார்கள், ஆன்லைன் கேசினோவுக்குக் கொடுக்கவில்லை. எனக்கு ஆட வேண்டாம் என்று ஒருவர் தானே எழுதிக் கொடுத்தால் மூன்று வருடத்துக்குக் கேசினோவும் லைசென்ஸ் உள்ள சைட்டுகளும் அவருக்கு மூடல், நடுவில் மனசு மாறினாலும் திறக்காது. 2022ல் ஒரு பெட்டிங் கம்பெனி, ஏழைப் புறநகர் அடுக்குமாடியில் வாழும் பையன் பந்தயம் ஜெயித்து அம்மாவை உயர்த்துகிற மாதிரி விளம்பரம் எடுத்தது. கட்டுப்பாட்டு ஆணையம் நிறுத்தச் சொன்னது. இங்கே ரம்மி விளம்பரம் டிவியில் வருடக்கணக்கில் ஓடியதை நினைத்துப் பாருங்கள். ஆனால் பிரான்சிலும் எழுதிக் கொடுக்க வேண்டியவர் ஆடுகிறவர்தான், மனைவி கொடுத்தால் செல்லாது.

அந்த மனைவிக்கு ஒரு வாசல் வைத்திருப்பது நான் பார்த்தவரையில் சிங்கப்பூர்தான். 2010ல் இரண்டு கேசினோ திறந்தார்கள், திறந்த கையோடு உள்ளூர்க்காரன் நுழைய நாளுக்கு நூறு டாலர் என்றார்கள், 2019ல் அதை 150 ஆக்கினார்கள். திவாலானவர், அரசு உதவிப் பணத்தில் இருப்பவர் நுழையவே முடியாது. இதற்கெல்லாம் மேலே, மனைவியோ பிள்ளையோ பெற்றோரோ கூடப்பிறந்தவரோ மனு போட்டு அந்த ஆளைத் தடைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். ஒரு குழு இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவு செய்யும். புருஷன் பொண்டாட்டி சண்டையில் இதை ஆயுதமாக்க மாட்டார்களா என்றால், அதற்குத்தான் அந்த விசாரணை. ஓட்டை இல்லாமல் இல்லை: கடையில் காசு கொடுத்து 'ஃபோர் டி' என்ற நான்கு எண் லாட்டரிச் சீட்டு வாங்குவதை இது தடுக்காது, அங்கே வேலைக்குப் போன நம்ம ஆட்களைக் கேட்டால் தெரியும்.

என்னைக் கேட்டால், இப்போதைக்கு ஆன்லைனில் தடையே இருக்கட்டும், லைசென்ஸ் வேண்டாம். விளம்பரம் நின்றதே பாதி லாபம். ஆனால் வங்கி இதற்குப் பணம் அனுப்பித் தரக் கூடாது என்று சட்டம் சொல்லியாயிற்று இல்லையா, அதோடு சிங்கப்பூர் மனுவையும் கட்டிவிடலாம்: குடும்பம் கொடுக்கிற மனுவை மாவட்ட அளவில் ஒரு குழு விசாரிக்கட்டும், நியாயம் இருந்தால் அந்தக் கணக்கின் யூபிஐ தினசரி வரம்பு இறங்கட்டும். ஏஜென்ட் எந்தப் பேரில் ஒளிந்தாலும் பணம் கிளம்புவது இந்தக் கணக்கிலிருந்துதானே.

கேசினோ ஆசை புதுச்சேரியில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. 2022 ஜூனில் உல்லாசக் கப்பல் வந்தபோது உள்ளே கேசினோ இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி அனுமதி கிடைக்கவில்லை. கோவா மாதிரி செய்யலாமே என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரர்கள் அங்கே கேசினோவில் ஆடக் கூடாது, வெளியூர்க்காரர்கள் மட்டும்தான். அந்த விதியைப் புதுச்சேரியில் வைத்தால் வெளியூர்க்காரன் யார்? சாராயக் கடைக்கு எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டி வருகிற அதே கடலூர்க்காரன்தான். வரி புதுச்சேரிக்கு, கடன் கடலூருக்கு. மனுவை எந்த மாநிலத்தில் போடுவது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.