பச்சை உடம்புக்கு வந்த டிபன் கேரியர்

என் வீட்டுக்காரி இருந்திருந்தால், பிள்ளை பெற்ற மகளுக்கு வெளியிலிருந்து பத்தியச் சாப்பாடு எடுத்த இந்த அனுபவத்தை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. மருமகளின் பிரசவத்தை அவள்தான் பார்த்தாள். அது 2016. அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 சாமான்கள் இருந்தன, அதில் ஒன்று சௌபாக்கிய சுண்டி லேகியம். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம மருந்து மாதிரி வருமா?" என்றாள். மறுநாளே மதுரைக் கீழமாசி வீதிக்குப் போய்ச் சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாம் வாங்கி வந்து இடித்தாள். எது எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் போனபோது அந்தக் கணக்கும் கூடவே போய்விட்டது.

இந்தச் சித்திரையில் மகள் பிரசவத்துக்கு வந்தாள். நான் ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு எடுக்கும் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். பத்தியக் குழம்புக்குப் புளி உண்டா இல்லையா என்று கேட்டால் முழிப்பேன். ஒத்தாசைக்கு என் அக்கா ஊரிலிருந்து வந்தார். ஆனால் அவருக்கு முட்டி வலி, அடுப்படியில் பத்து நிமிஷம் நிற்க முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டம் போடுவார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டில் சொன்னார்கள், செல்லூரில் ஒரு அம்மா பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும் சமைத்துக் கொடுக்கிறார் என்று. கடை கிடையாது, போர்டு கிடையாது, பெயரும் வைக்கவில்லை. ஒரே நேரத்தில் ஐந்து வீட்டுக்கு மேல் எடுக்க மாட்டார். நான் இங்கே விலாசம் போட்டால் ஆறாவது வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்டுவார், எனக்குத்தான் ஏச்சு விழும். அதனால் விலாசம் இல்லை. ஆனால் இந்த மாதிரி ஆட்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், பார்த்து வைப்பவர்களுக்கு என் அனுபவம் உதவும்.

நாளைக்கு 420 ரூபாய். ஞாயிறு லீவு. முப்பது நாள் பேச்சு, நான்கு ஞாயிறு கழித்து 26 நாளுக்கு 10,920. மருந்துப் பொடி தனியாக 380. ஆக 11,300. அதிகம் என்று அக்கா முணுமுணுத்தார். அந்த அம்மா சமைத்துக் கொடுத்த இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி வந்ததாம். 18,000-இல் இரண்டு சத்துப் பெட்டகம் போக ரொக்கமாக வருவது 14,000. அது தவணையாகக் கைக்கு வர வர இதற்குக் கட்டிவிட்டாளாம். நல்ல செலவு என்றுதான் எனக்குப் பட்டது.

எக்செல் வண்டியில் ஒரு நாளைக்கு இரண்டு நடை. காலை ஏழு மணிக்கு இட்லியோ இடியாப்பமோ, கூடவே பத்தரை மணிக்குக் குடிக்க பிளாஸ்க்கில் கஞ்சியோ ஆட்டுக்கால் சூப்போ. மதியம் பன்னிரண்டேகாலுக்குச் சோறு, மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட பத்தியக் குழம்பு, ஒரு கீரை, ஒரு நீர்க்காய், ராத்திரிக்கான பலகாரமும் அதிலேயே. புளி பேருக்குத்தான். (இப்போது எனக்குத் தெரியும்.) பழைய வழக்கம் விடாமல் நோட்டில் நேரம் குறித்தேன். 26 நாளில் 22 நாள் காலை வண்டி 7.10-க்குள் வந்தது. மூன்று நாள் அரை மணி வரை லேட்.

மீதி ஒரு நாள் அழகர் ஆற்றில் இறங்கிய நாள். அன்றைக்கு வைகையைத் தாண்டி செல்லூரிலிருந்து இந்தப் பக்கம் வண்டியில் வருவது ஆகாத காரியம். ஸ்பெஷல் பஸ் விட்ட எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருந்தது. முதல் நாள் மதியமே மறுநாளுக்கான மாவு, வறுத்த பொடி, கழுவி நறுக்கிய காய் எல்லாம் கட்டிக் கொண்டுவந்து, "அண்ணே, நாளைக்கு நீங்கதான் குக்கர். மூணு விசில், அதுக்கு மேல விட்டுராதீங்க" என்றார். அன்றைக்கு மகள் சாப்பிட்டது என் சமையல். ஒன்றும் சொல்லவில்லை, பாவம்.

பால்சுறாப் புட்டு கேட்டேன். தாய்ப்பாலுக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிக் கேட்டது. "தடைக்காலம்ணே, விசைப்படகு எதுவும் போகாது, ஜூன் 14 வரைக்கும் நல்ல சுறாவுக்கு எங்க போறது" என்று நேராகச் சொல்லிவிட்டார். ஐஸில் கிடந்ததை வாங்கி ஒப்பேற்றவில்லை. பதிலுக்கு வாரம் இரண்டு நாள் ஆட்டு ஈரல், ஒரு நாள் நெத்திலிக் கருவாடு. ஈரலை மிளகு போட்டு வதக்கியிருந்த விதம் என் வீட்டுக்காரி கைக்குப் பக்கத்தில் வந்தது. இதற்கு மேல் நான் பாராட்டத் தேவையில்லை.

குறையைச் சொல்ல வேண்டும். மகளுக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தது. புக் பண்ணும்போது சைவமா அசைவமா, ஆபரேஷனா சுகப்பிரசவமா என்று கேட்டவர் இதைக் கேட்கவே இல்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. முதல் நாளே அரைக் கிலோ லேகியம் வந்தது, கருப்பட்டியும் நெய்யுமாக மினுமினுத்தது. நெல்லிக்காய் அளவு இரண்டு வேளை. மூன்றாம் நாள் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் டப்பாவைப் பார்த்துவிட்டு, "இதுல பாதி வெல்லம், தெரியுதா?" என்று கேட்டார். பிரசவம் ஆனதும் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடுமாம், ஆனாலும் ஆறு வாரம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரத்தில் இரத்தம் பார்க்க வேண்டும், அதுவரை இனிப்பில் கை வைக்காதீர்கள் என்றார். அந்த அம்மாவிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் லேகியத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அதே சரக்கை வெல்லம் சேர்க்காமல் பொடியாக இடித்துக் கொடுத்தார். சோற்றில் கால் ஸ்பூன், கொஞ்சம் நெய். அந்தப் பொடியைத்தான் மேலே 380 என்று எழுதியிருக்கிறேன். லேகியத்துக்குக் காசு வாங்கவில்லை. இருந்தாலும் இது சின்னத் தப்பு இல்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சமைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. அந்தப் பொடியில் என்னென்ன போட்டிருக்கிறது என்று சீட்டில் எழுதித் தரச் சொன்னதற்கு வாயால் ஒப்பித்தாரே தவிர எழுதித் தரவில்லை. நான்தான் எழுதிக்கொண்டேன், இந்த முறை தொலையக் கூடாது என்று.

அடுத்தது, முதல் வாரம் பிளாஸ்டிக் டப்பாவில் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு. மூடி இளகி, பை எல்லாம் எண்ணெய். சொன்ன பிறகு எவர்சில்வர் கேரியராக மாறியது.

கேரியர் வந்த பிறகுதான் அவருடைய ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். காலி கேரியரை வாங்கினால் வாசலிலேயே ஒவ்வொரு தட்டாகத் திறந்து பார்ப்பார். டிரிப் ஷீட்டை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி. கீரை மிச்சம் இருந்தால் மறுநாள் கீரை பருப்போடு சேர்ந்து வரும். சோறு துடைத்த மாதிரி இருந்தால் மறுநாள் அரைக் கரண்டி கூடும். நர்ஸ் சொன்னார், பால் கொடுப்பவளுக்கு முதல் ஆறு மாதம் தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று, அதாவது ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாடு. அந்த அம்மாவுக்குக் கலோரி கணக்கு தெரியாது. கேரியரின் கனம் தெரியும்.

பிள்ளை பிறந்து பதினாறு, பதினேழாம் நாள் வாக்கில் மதியச் சாப்பாடு இரண்டு நாள் அப்படியே திரும்பியது. எனக்கு அது தெரியாது, நான் மூடியோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் கேரியரைக் கொடுக்காமல், "அண்ணே, நான் உள்ள போய் உங்க மகளப் பாக்கலாமா?" என்று கேட்டு உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். இருபது நிமிஷம். வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: "அழுதுக்கிட்டே இருக்குதுண்ணே. முத வாரம் எல்லாரும் அழுவாங்க, அது தானாப் போயிரும். ரெண்டு வாரம் தாண்டியும் அழுதா விடக் கூடாது. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க." அக்கா, "கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போட்டாப் போதும்" என்றார். சுற்றியும் போட்டோம், டாக்டரிடமும் போனோம். டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசினார், ராத்திரி ஒரு நாலு மணி நேரம் பிள்ளையை வேறு யாராவது வைத்துக்கொண்டு இவளைத் தூங்க விடுங்கள் என்றார். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை நைட் டூட்டி எனக்கு. நடுவில் பாலுக்கு மட்டும் எழுப்புவேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். அதே வீட்டில் இருந்த எனக்குத் தெரியாதது கேரியரைத் திறந்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

தண்ணீர் சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். பச்சை உடம்புக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு போட்டுவிடும், ஃபேன் போட்டால் சன்னி வரும் என்பது அக்காவின் சட்டம். மே மாதம், மதுரை! நகர்ப்புற சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்ஸ், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கட்டும், பால் கொடுக்கிற உடம்பு, ஃபேனும் ஓடட்டும் என்று சொல்லிப் பார்த்தார். அக்கா அசையவில்லை. மறுநாள் சமையல்கார அம்மா இரண்டு லிட்டர் தூக்கில் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் கொண்டுவந்து, "இது மருந்துத் தண்ணிம்மா, பொழுதுக்குள்ள முடிக்கணும்" என்று அக்கா கையிலேயே கொடுத்தார். அன்றிலிருந்து அக்காவே மணிக்கு ஒரு தரம் டம்ளரோடு நின்றார். ஃபேனுக்கு மட்டும் கடைசி வரை சண்டைதான்.

இரும்புச்சத்து மாத்திரை இன்னொரு சிக்கல். பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் போட வேண்டும். பத்தரை மணிக் கேழ்வரகுப் பால் கஞ்சியோடு போட்டுக்கொண்டிருந்தாள். பாலோடும் காப்பியோடும் போட்டால் உடம்பில் சரியாக ஒட்டாது, கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதீர்கள் என்று நர்ஸ் சொன்ன பிறகு நான் டைம் டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டினேன். கால்சியம் காலையில், இரும்பு மூன்று மணிக்கு எலுமிச்சைத் தண்ணீரோடு. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு டைம் டேபிள். மகள் சிரித்தாள்.

எடுப்பதாக இருந்தால் எட்டாம் மாதமே சொல்லி வைக்க வேண்டும், பிரசவம் ஆன பிறகு கேட்டால் இடம் இருக்காது. சர்க்கரை, பிரஷர், தைராய்டு எது இருந்தாலும் அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் பார்த்து வையுங்கள். நான்கு ஞாயிறும் என் இட்லிதான், கல் மாதிரி.

கடைசி நாள் பாத்திரம் எண்ணினார். கேரியரில் மேல்தட்டு மூடி ஒன்றைக் காணோம். காசு தருகிறேன் என்றேன், "கெடைக்கும்போது குடுங்கண்ணே" என்று கிளம்பிவிட்டார். போன வாரம் தொட்டிலுக்கு அடியில் கிடைத்தது. பிள்ளைக்குக் கிலுகிலுப்பையாகக் கரண்டியால் தட்ட அக்கா எடுத்திருக்கிறார். கழுவி வைத்திருக்கிறேன், செல்லூர்ப் பக்கம் போகும்போது கொடுக்க வேண்டும்.