.32 ரிவால்வரா, .32 பிஸ்டலா: வருடக்கணக்கில் வைத்திருந்தால்தான் தெரியும் விஷயங்கள்

தற்காப்புக்கு 9 எம்எம் குண்டு போதுமா, .45 அங்குலக் குண்டு வேண்டுமா என்ற அமெரிக்கச் சண்டையில் நம் ஊர் லைசன்ஸ்தாரருக்குப் பெரிதாக வேலை இல்லை. சட்டமே பாதி முடிவை எடுத்துவிட்டது. ராணுவ 9 எம்எம், 45 தோட்டாக்களையோ, விளிம்பு வைத்த .380, .455 தோட்டாக்களையோ ஏற்றிச் சுடக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கியும் ஆயுத விதிகள் 2016-இன்படி கட்டுப்படுத்தப்பட்ட ரகம். சாதாரண ஆளுக்குக் கடையில் புதிதாகக் கிடைப்பது பெரும்பாலும் மூன்றுதான்: .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் என்ற தோட்டா போடும் ரிவால்வர், .32 ஏசிபி என்ற வேறு தோட்டா போடும் பிஸ்டல், .22 ரிவால்வர். 1980களின் நடுவில் தனியார் இறக்குமதி நின்றுபோனதால் பழைய வெளிநாட்டு .25, .357 எல்லாம் கைமாறிக் கைமாறித்தான் வரும். .25 பலத்தில் .32-க்கும் கீழே. .357-க்குத் துப்பாக்கி விலையை விடத் தோட்டா தேடுவதுதான் தலைவலி. தோட்டா தாராளமாகக் கிடைக்காத அளவில் பழகவே முடியாது. பழகாத ஆயுதம் பீரோவில் கிடக்கும் இரும்பு.

முதலில் எண்கள். .32 ஏசிபியில் 71 கிரெய்ன், அதாவது 4.6 கிராம் குண்டு, வினாடிக்குச் சுமார் 275 மீட்டர் வேகத்தில் போகும். ஆற்றல் 175 ஜூல் அளவில். .32 லாங்கில் 98 கிரெய்ன் (6.35 கிராம்) குண்டு, 215 மீட்டர் வேகம், 147 ஜூல். ஒப்பிட, 9 எம்எம் 8 கிராம் குண்டை 350 மீட்டர் வேகத்தில் தள்ளும், ஏறக்குறைய 490 ஜூல். இவை எல்லாம் நாலு அங்குலம் போன்ற சோதனை பேரலில் எடுத்த கணக்கு. மூன்று அங்குல பேரலில் கொஞ்சம் குறையும். ரிவால்வரில் சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வாயு கசிவதால் இன்னும் கொஞ்சம் போகும். .22 கட்டை பேரலில் 100 ஜூலைத் தாண்டாது.

இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். 500 ஜூலும் ஆளைத் தூக்கி எறியாது, அது சினிமாவில்தான். கைத்துப்பாக்கிக் குண்டு வேலை செய்வது, முக்கிய உறுப்பை எட்டும் அளவு ஆழமாகப் போனால்தான். 1986-இல் மயாமியில் எஃப்பிஐ ஆட்கள் இரண்டு கொள்ளையரோடு மோதியபோது, ஒருவன் மேல் பட்ட 9 எம்எம் குண்டு கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய் இதயத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். அதற்குப் பிறகுதான், உடல் சதைக்குப் பதிலாக வைக்கும் 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குல ஆழம் என்ற அளவுகோலை எஃப்பிஐ வைத்தது. இந்த அளவுகோலில் .32-இன் முழு உறை போட்ட உருண்டை முனைக் குண்டு தேறிவிடும். முனை குழிந்த குண்டுதான் தோற்கும். விரிவதற்கும் ஆழமாகப் போவதற்கும் சேர்த்துச் செலவழிக்க அதனிடம் ஆற்றல் இல்லை. விரிந்தால் ஆழம் போகாது, ஆழம் போனால் விரியாது. ஆகவே "இங்கே ஹாலோ பாயிண்ட் கிடைக்கவில்லையே" என்ற புலம்பல் .32 விஷயத்தில் வீண். அமெரிக்காவில் .32 ஏசிபி வைத்திருப்பவர்களிலேயே பலர் உருண்டை முனைதான் போடுகிறார்கள்.

அதற்கு ஒரு விலை உண்டு. ஆழமாகப் போகும் குண்டு கதவுக்குள்ளும் போகும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நிறுத்திவிடும். ஃப்ளஷ் கதவு, ஜிப்சம் தடுப்பு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எதுவும் நிறுத்தாது. அபார்ட்மெண்ட்டில் இருப்பவர் எந்தப் பக்கம் செங்கல், எந்தப் பக்கம் பலகை, யார் எங்கே படுத்திருப்பார்கள் என்பதை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

.32 ஆழம் போகும், ஆனால் காயம் குறுகல். எனவே ஒரு குண்டை நம்ப முடியாது. இரண்டு மூன்று, சரியான இடத்தில் விழ வேண்டும். அங்கே குண்டின் அளவை விட ட்ரிகர்தான் பேசும். வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் ரிவால்வர், பிஸ்டல் என்று இரண்டு கட்சியாகப் பிரிவதும் இங்கேதான்.

ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர்களில் பல, பழைய வெப்லி பாணியில் நடுவில் ஒடித்துத் திறக்கும் வகை. 2014-இல் வந்த நிர்பீக், டைட்டானியம் கலவையில் 500 கிராம். அப்போதைய விலை 1,22,360 ரூபாய். 2023-இல் கான்பூரில் இருந்து வந்த பிரபல், சிலிண்டர் பக்கவாட்டில் சாயும் வகை. 76 மில்லிமீட்டர் பேரல், 675 கிராம். கையில் பிடிக்கும்போது எடை குறைந்ததுதான் சுகமாகத் தெரியும். சுடும்போது கதை மாறும். .32 லாங்கின் உதை 9 எம்எம்மில் பாதியும் இல்லை. அதனால் உதைக்குப் பயந்து எடையைத் தேட வேண்டியதில்லை. ஆனால் கனமான டபுள் ஆக்‌ஷன் ட்ரிகரை, அதாவது ஒரே இழுப்பில் சுத்தியலைத் தூக்கி அடிக்கவும் வைக்கும் ட்ரிகரை, பொதுவாக ஐந்து ஆறு கிலோ இழுப்பை, இலேசான துப்பாக்கியில் இழுத்தால் முனை ஆடும். 675 கிராம் அங்கே உதவி செய்யும்.

தோட்டாவின் துல்லியத்தில் குறையே இல்லை. உலகப் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் பிரிவில் அதிகம் புழங்குவதே தட்டை முனை வைத்த .32 லாங் தோட்டாதான். உங்கள் ரிவால்வர் ஏழு மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறினால் தோட்டாவைத் திட்ட வேண்டாம்.

ஒடித்துத் திறக்கும் வகையில் அடிக்கடி வரும் சிக்கல், காலித் தோட்டாவின் விளிம்பு எஜெக்டர் நட்சத்திரத்துக்கு, அதாவது காலிக் கூடுகளை வெளியே தள்ளும் தகட்டுக்கு, அடியில் போய் மாட்டிக்கொள்வது. தயங்கித் தயங்கிப் பாதியாகத் திறந்தால் நிச்சயம் மாட்டும். அப்புறம் சிலிண்டர் மூடாது, விரல் நகத்தால் நோண்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பக்கவாட்டில் சாய்த்து, ஒரே வீச்சில் முழுசாகத் திறந்தால் ஆறும் தரையில் விழும். அடுத்தது, அதே நட்சத்திரத்துக்கு அடியில் சேரும் எரியாத மருந்துத் துணுக்குகள். நாலு துணுக்கு போதும், சிலிண்டர் இறுகி ட்ரிகர் திடீரென்று கனக்கும். பழைய டூத் பிரஷால் உலர்வாகத் தேய்த்தால் போய்விடும். எண்ணெய் மட்டும் அங்கே விடாதீர்கள், இன்னும் பிடித்துக்கொள்ளும்.

பழைய ரிவால்வர் வாங்கும்போது மூன்று பார்வை போதும். காலி என்று இரண்டு முறை உறுதி செய்துவிட்டு, பேரலையும் கைப்பிடிப் பகுதியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் வைத்துவிடுங்கள். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை சரி, 0.25-ஐத் தாண்டினால் பக்கவாட்டில் பொறியும் ஈயமும் துப்பும். பிறகு சிலிண்டரை விரலால் லேசாக அழுத்திப் பிடித்தபடி சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் முழுசாக நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும், ஆறு அறையிலும். ஓர் அறையில் தவறினாலும் குண்டு பேரல் விளிம்பில் உரசித்தான் நுழையும். சுத்தியலைத் தடுக்கும் பாதுகாப்புத் தகடு இல்லாத பழைய மாடலில் சுத்தியலுக்கு நேரே உள்ள அறை காலியாக இருக்கட்டும். ஐந்துதான் ஏற்ற வேண்டும்.

பிஸ்டல் கட்சிக்கு வருவோம். ட்ரிகர் இலகு, தோட்டா அடுக்கிய மேகசினை மாற்றினால் அடுத்த சுற்று தயார், தட்டையாக இருப்பதால் இடுப்பில் தெரியாது. எதிர்பாராத விஷயம் ஸ்லைடு, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பகுதி. .32 ஏசிபி பிஸ்டல்கள் பெரும்பாலும் ப்ளோபேக் முறை. பூட்டு இல்லை, ஸ்லைடின் எடையும் சுருள்வில்லும்தான் அழுத்தத்தைத் தாங்குகின்றன. அதனால் சின்னத் தோட்டாவுக்குச் சம்பந்தமில்லாத கனத்தில் வில் இருக்கும். வயதானவர், மூட்டு வலிக்காரர் வாங்கும் முன் கடையிலேயே பத்து முறை ஸ்லைடை இழுத்துப் பார்க்கட்டும். வியர்த்த கையில் வழுக்கினால் அதே பத்து முறை வீட்டில் நடக்காது.

பிஸ்டலின் தனி நோய் விளிம்புச் சிக்கல். .32 ஏசிபி தோட்டாவின் அடிவிளிம்பின் விட்டம் உடலின் விட்டத்தை விட அரை மில்லிமீட்டர் அளவு அதிகம். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால் அது முன்னால் நகராது. ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் பயனில்லை. மேகசினைக் கழற்றி, தேவைப்பட்டால் அடித்தட்டையும் உருவித்தான் சரி செய்ய வேண்டும். முழு நீளத் தோட்டாவில், ஏறக்குறைய 25 மில்லிமீட்டர், முன்னும் பின்னும் நகர இடமில்லாததால் இது அபூர்வம். நீளம் குறைந்த குழிமுனைத் தோட்டாவில்தான் அதிகம். ஏற்றும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். உருண்டை முனைக்கு இது இரண்டாவது காரணம்.

இன்னொன்று, ஒரே தோட்டாவைத் தினமும் சேம்பரில், அதாவது பேரலின் பின்னுள்ள அறையில், ஏற்றி இறக்கும் பழக்கம். ஒவ்வொரு முறையும் குண்டின் முனை சரிவில் இடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். இறங்கினால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் எகிறும். மாதம் ஒருமுறை புதுத் தோட்டாவோடு சேர்த்து மேஜையில் நிறுத்திப் பாருங்கள். கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்தால் அது போதும், ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டும் வீட்டில் இருப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. .32 ஏசிபி தோட்டா .32 லாங் ரிவால்வரின் அறைக்குள் அழகாக நுழையும். பல துப்பாக்கிகளில் வெடிக்கவும் செய்யும். போடக்கூடாது. ஏசிபிக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 20,500 பிஎஸ்ஐ, லாங்குக்கு 15,000. விளிம்பும் சிறிது, அறையில் சரியாகப் பிடித்து நிற்காது. பழைய ஒடிக்கும் ரிவால்வரின் தாழ்ப்பாள்தான் முதலில் அடி வாங்கும். டப்பாக்களைத் தனித்தனி அலமாரியில் வையுங்கள்.

தோட்டா வெடிக்காமல் போனால் என்ன என்பதில் ரிவால்வர் ஜெயிக்கிறது: மறுபடி ட்ரிகரை இழுத்தால் அடுத்தது வரும். பிஸ்டலில் மேகசின் அடியில் ஒரு தட்டு, ஸ்லைடை முழுசாக ஓர் இழுப்பு, இரண்டு கையும் வேண்டும். .22-இல் வெடிமருந்து விளிம்புக்குள் பரப்பியிருப்பதால் மிஸ்ஃபயர் இயல்பாகவே அதிகம். எட்டுத் தோட்டா, 250 கிராம் என்று நிடர் என்ற .22 ரிவால்வர் கவர்ச்சியாகத் தெரியும், பழகுவதற்கு .22 அருமை, உயிரை நம்பி வைக்க .32 இருக்கும்போது அது தேவையில்லை. ரேஞ்சில் வெடிக்காத தோட்டா வந்தால் முனையை இலக்குப் பக்கமே வைத்து 30 வினாடி பொறுங்கள். சத்தம் சப்பென்று வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பேரலைப் பாருங்கள். வேகம் குறைந்த இந்த .32 லாங்கில் குண்டு நடுவழியில் நின்றுவிட வாய்ப்பு உண்டு. மேலே இன்னொன்று சுட்டால் பேரல் வீங்கும்.

பயிற்சிக்குத் தோட்டா என்பது லைசன்ஸில் எழுதிய அளவுதான். சில இடங்களில் காலிக் கூட்டையும் கணக்குக் காட்டச் சொல்வார்கள். அதனால் பெரும்பகுதிப் பழக்கம் டம்மி தோட்டாவோடு வெறும் ட்ரிகர் இழுப்பில்தான்: சுவரில் ஒரு புள்ளி, தினம் இருபது இழுப்பு, முன் குறி ஆடாமல். .22-ஐ மட்டும் டம்மி இல்லாமல் வெறுமனே இழுக்க வேண்டாம், ஊசி அறை விளிம்பில் அடித்துத் தேயும். நிஜத் தோட்டாவை மூன்று முதல் ஏழு மீட்டரில், இரண்டு இரண்டாகச் சுட்டுப் பழகுங்கள். புதிய லாட் (ஒரே தொகுதியாகத் தயாரித்த தோட்டாக்கள்) வந்தால் அதிலிருந்து ஒரு டஜனாவது சுட்டுப் பார்த்த பிறகுதான் மீதியைத் தற்காப்புக்கு ஒதுக்க வேண்டும். பழசு முதலில் செலவாகட்டும்.

கடலோர ஊர்களில் துப்பாக்கியைக் கெடுப்பது சுடுவதல்ல, தோல் உறை. தோலின் பதனச் சரக்கு பித்தளையில் பச்சை பூக்க வைக்கும், இரும்பில் புள்ளிப் புள்ளியாகத் துருவேற்றும். உறை எடுத்துப் போக மட்டும். வைப்பது சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மெல்லிய எண்ணெய்த் துணி. தோட்டா மேல் எண்ணெய் படவே கூடாது, அடியிலுள்ள தீப்பொறி மருந்தான ப்ரைமருக்குள் ஊறினால் வெடிக்காது.

ஆக, வீட்டில் வைத்து எப்போதாவது எடுப்பவருக்கு .32 லாங் ரிவால்வர், அதிலும் கனமானதாக. மாதம் ஒருமுறையாவது ரைஃபிள் கிளப்புக்குப் போகிறவருக்கு .32 ஏசிபி பிஸ்டல். எது வாங்கினாலும் பாரதிய நியாய சம்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளைப் படித்துவிடுங்கள். தற்காப்பு உரிமை ஆபத்தின் அளவைத் தாண்டாது. கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு 2019 திருத்தத்தில் இரண்டு வருடம் வரை சிறை இருக்கிறது.

தேர்தல் நேரத்தில் ஒப்படைத்த துப்பாக்கி திரும்பி வரும்போது ரசீதில் கையெழுத்துப் போடும் முன் வரிசை எண்ணை லைசன்ஸோடு ஒப்பிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பேரலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை, துரு, சில சமயம் யாரோ விட்ட கெட்டி கிரீஸ். அதைத் துடைத்து எடுக்காமல் ஏற்ற வேண்டாம்.