முதல் ஐந்து சுரங்கள்: கிளாரினெட்டா, சாக்சபோனா, டிரம்பெட்டா?

பேண்டு வாத்தியம் ஒன்றைக் கற்க விரும்புபவர், கிளாரினெட்டின் மேல் நெருக்கமாகப் பதிந்திருக்கும் கீகளை, அதாவது விரலால் அழுத்தும் உலோக நெம்புகளை, கண்டு மலைத்து, மூன்றே வால்வுகள் கொண்ட டிரம்பெட்தான் எளிது என்று முடிவுசெய்துவிடுவதுண்டு. கீகளை எண்ணி ஒரு வாத்தியத்தின் கடினத்தை அளக்க முடியாது. ஒரே மெட்டை மூன்றிலும் விரல் விரலாக வைத்துப் பார்ப்பதே சரியான வழி என்று கருதுகிறேன்.

பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி 1824-இல் முதன்முதலாக அரங்கேறியது. அதன் இறுதிப் பகுதியில் வரும் புகழ்பெற்ற மெட்டை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் வரி ‘க க ம ப, ப ம க ரி, ச ச ரி க, க ரி ரி’ என்று போகிறது. இரண்டாம் வரி அதையே திரும்பச் சொல்லி ‘ரி ச ச’ என்று முடிகிறது. சங்கராபரண ராகத்தின் முதல் ஐந்து சுரங்களே இதற்குப் போதும். ஷட்ஜத்தை (ச) ஆறரைக் கட்டைச் சுருதியில், அதாவது பி ஃபிளாட்டில் வைத்துக்கொண்டால், கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் ச என்பது தாளில் ‘சி’ என்றும், ஆல்டோ சாக்சபோனுக்கு ‘ஜி’ என்றும் எழுதப்படும். பெயர் வேறானாலும் ஒலி ஒன்றே. இது தெரியாமல் மூவரும் ஒரே தாளைப் பார்த்து வாசித்தால், சாக்சபோன் மட்டும் வேறு சுருதியில் தனித்து ஒலிக்கும்.

கிளாரினெட்டில் இந்த ஐந்து சுரங்களும் இடக்கையிலேயே அடங்கிவிடுகின்றன. விரல் எதுவும் வைக்காமல் ஊதினால் ப. பின்புறத் துளையைக் கட்டைவிரலால் மூடினால் ம. அதன்மேல் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க க, ரி, ச என்று இறங்கும். கீ எதையும் தொட வேண்டியதில்லை. விரல்கள் வரிசையாக மூடித் திறக்கின்றன. மெட்டும் பெரும்பாலும் அடுத்தடுத்த சுரங்களிலேயே நடக்கிறது. தொடக்க மாணவருக்கு இதைவிட இணக்கமான அமைப்பு மற்ற இரண்டிலும் இல்லை. ஆனால் துளைகளை விரலின் சதைப்பகுதியே காற்றுப் புகாமல் மூடியாக வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் சுரம் வராது, அல்லது கீச்சென்று கத்தும். மிகச் சிறிய விரல்களுடைய குழந்தைக்கு இது உண்மையான தடை.

சாக்சபோனில் அந்தத் தடை இல்லை. துளைகளை மெத்தை போன்ற மூடிகளான பேட்களே மூடுகின்றன, விரல் கீயை அழுத்தினால் போதும். ஊதும்போது அதிர்ந்து ஒலி எழுப்பும் ரீட்டும் (நாணல் தகடு) சற்று எளிதாகவே பேசும். இதே மெட்டில் அதற்கு வேறிடத்தில் இடர் வருகிறது. மூன்று விரல்களில் ச, இரண்டில் ரி, ஆள்காட்டி விரல் மட்டும் க என்பது வரை சிக்கல் இல்லை. ம வாசிக்க ஆள்காட்டியை எடுத்து அதே கணத்தில் நடுவிரலை வைக்க வேண்டும். அடுத்து வரும் ப-வுக்கு ஆறு விரல்களும் சேர்ந்து இறங்க, ஒலியை மேல் ஸ்தாயிக்குத் தாவச் செய்யும் ஆக்டேவ் கீயையும் இடக்கைக் கட்டைவிரல் அழுத்த வேண்டும். மெட்டின் தொடக்கமே ‘க க ம ப’ என்பதால், முதல் நான்கு சுரங்களிலேயே இரண்டு தடுமாற்றங்களுக்கு இடமிருக்கிறது.

டிரம்பெட்டில் ச-வுக்கும் ப-வுக்கும் மேல் ச-வுக்கும் வால்வே வேண்டாம். க-வும் த-வும் முதலிரண்டு வால்வுகளில் வருகின்றன. ஆகவே எந்தச் சுரம் ஒலிக்கிறது என்பதை விரல் மட்டும் தீர்மானிப்பதில்லை. உதட்டின் இறுக்கமும் மூச்சும் தீர்மானிக்கின்றன. பாடத் தெரிந்தவருக்கு, சுரத்தை மனத்தில் முன்கூட்டியே கேட்கும் பழக்கம் இருப்பதால், இது கைகொடுக்கும். மற்றவர்களுக்கு மூன்று வால்வுகளின் எளிமை வெறும் தோற்றமே.

மூன்றாம் வரியின் முடிவில் ஒரே ஒரு மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயிப் ப) வருகிறது. கிளாரினெட்டில் அதற்குக் கட்டைவிரலும் ஆறு விரல்களும் ஒருங்கே மூட வேண்டும். காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை இல்லை. ஆசிரியர்கள் இந்தச் சுரத்தை நீட்டி ஊதச் சொல்வது இதனால்தான்.

கிளாரினெட்டின் உண்மையான கடினம் ப-வைத் தாண்டிய பிறகே தொடங்குகிறது. த-வுக்கு ஆள்காட்டி விரலால் ஒரு கீயைத் தொட்டால் போதும். அடுத்த காகலி நிஷாதத்துக்கோ (சங்கராபரணத்தின் நி) ஒரு சுண்டுவிரல் உட்பட எட்டு விரல்கள் இறங்க வேண்டும். இதற்குக் காரணம் குழலின் வடிவம். சாக்சபோன், நாதஸ்வரத்தைப் போல, கூம்பு வடிவக் குழல் என்பதால் மேல் ஸ்தாயிக்குத் தாவும்போது அதே சுரமே கிடைக்கிறது. ச-வின் விரல்களோடு ஆக்டேவ் கீயைச் சேர்த்தால் மேல் ச. கிளாரினெட்டின் குழலோ பெரும்பாலும் ஒரே விட்டமுடைய உருளை. அதில் மேலே தாவ உதவும் ரிஜிஸ்டர் கீயை அழுத்தினால் அதிர்வெண் மூன்று மடங்காகி, ச-வின் விரலில் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் ஒலிக்கும். எனவே ஒரே சுரத்துக்குக் கீழே ஒரு விரலமைப்பு, மேலே வேறொன்று. பல மாதங்கள் நன்றாக வாசித்த மாணவர்கள் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான்; குறை அவர்களிடம் இல்லை, வாத்தியத்தின் இயல்பு அது என்று அவர்களுக்கு முன்பே சொல்லிவைப்பது ஆசிரியரின் கடமை.

திரைப்பாடல்களை விரைவில் வாசிக்க வேண்டும் என்பவருக்கு, விலையும் எடையும் கூடுதலானாலும், சாக்சபோனைப் பரிந்துரைப்பேன். கர்நாடக இசை நோக்கம் என்றால் என் தேர்வு மாறும். திறந்த துளையில் விரலைச் சரித்துச் சுரத்தை வளைக்க கிளாரினெட் இடம் தருகிறது. அதில் கமகங்களை (சுரங்களை அசைத்து வளைக்கும் அழகுகளை) எவ்வளவு தூரம் கொண்டுசெல்லலாம் என்பதை, 2008-ஆம் ஆண்டின் சங்கீத கலாநிதி விருது பெற்ற ஏ.கே.சி. நடராஜன் காட்டியிருக்கிறார். சாக்சபோனில் அதே இசையைக் கொண்டுவர கத்ரி கோபால்நாத் தம் வாத்தியத்திலேயே மாற்றங்கள் செய்ய வேண்டியிருந்தது.

கிளாரினெட்டைத் தேர்ந்தெடுத்தவர் பழையதொன்றை வாங்குவதானால், அதன் கீ அமைப்பைப் பார்த்து வாங்க வேண்டும். கிளாரினெட் கலைஞர் குளோசேயும் வாத்தியத் தயாரிப்பாளர் பஃபேயும் உருவாக்கி 1839-இல் பாரிஸில் காட்சிக்கு வைத்த, பதினேழு கீகளும் ஆறு வளையங்களும் கொண்ட போம் அமைப்பையே இன்றைய பாடநூல்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. பதின்மூன்று கீகள் கொண்ட ஆல்பர்ட் அமைப்பில் வலக்கை விரல்கள் வேறுபடுவதால், புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து அதைக் கற்க இயலாது.