ராஸ்பெர்ரி பைக்கு ‘10,000 எம்ஏஎச் யூபிஎஸ் போர்டு’: வாங்கி ஏமாறாதீர்கள்

ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினியின் தலையில் அப்படியே செருகி வைக்கும் யூபிஎஸ் போர்டு ஒன்றை ஆன்லைனில் வாங்கி நன்றாக ஏமாந்தோம். விளம்பரம் நான்கு விஷயங்களைச் சொன்னது. இரண்டு 18650 செல்லுடன் 10,000 எம்ஏஎச். 5 வோல்ட், 3 ஆம்பியர் அவுட்புட். கரண்ட் போனாலும் பை அணையாது. பேட்டரி தீரும் முன் தானாகவே ஷட் டவுன் ஆகும். இந்த நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை. இதே போர்டு, இதே படத்தோடு, ஏழெட்டுக் கடைகளில் வெவ்வேறு பெயரில் கிடைக்கிறது. ஆகவே கடைப் பெயரை வைத்துத் தப்பிக்க முடியாது. கையில் வந்ததும் அளந்து பார்த்துவிட வேண்டும், அதுவும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.

முதலில் செல். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவில் பானாசோனிக், சாம்சங், எல்ஜி செய்யும் நல்ல செல்களே 3,400, 3,500 எம்ஏஎச் அளவில்தான் நிற்கின்றன. 5,000, 6,800, 9,900 என்று உறையில் அச்சடித்திருந்தால் அது பொய் என்று கையில் எடுக்காமலே சொல்லிவிடலாம். எங்களுக்கு வந்த இரண்டிலும் 5,000 என்று இருந்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒன்று 33 கிராம், இன்னொன்று 44 கிராம். 3,000-க்கு மேற்பட்ட நல்ல செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். 33 கிராம் செல்லில் சரக்கே குறைவு. 44 கிராம் செல் எடையில் தப்பித்தாலும் அதன் அடிப்பக்கம் காட்டிக் கொடுத்துவிட்டது: நெகட்டிவ் முனையில் அருகருகே இரண்டு சின்னக் குழி, அதைத் தேய்த்து மறைத்த கோடுகள். அது ஸ்பாட் வெல்டிங் தழும்பு. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிய்த்தெடுத்து, புது உறை போட்ட செல். இரண்டையும் 4.2 வோல்ட் வரை ஏற்றி, 0.5 ஆம்பியரில் 3 வோல்ட் வரை இறக்கினோம். ஒன்று 1,180 எம்ஏஎச் தந்தது, மற்றது 1,090.

இப்படி வேறு வேறு பிறப்புள்ள இரண்டு செல்களைப் பேரலலாகப் போடுவது ஆபத்தும்கூட. ஒன்று 4.2 வோல்ட்டிலும் மற்றது 3.5 வோல்ட்டிலும் இருக்கும்போது ஹோல்டரில் செருகினால், நிறைந்த செல்லிலிருந்து குறைந்ததற்குத் தடுப்பே இல்லாமல் கரண்ட் பாயும். செருகும் முன் மல்டிமீட்டரில் பாருங்கள். வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உறையை உரிக்க வேண்டாம். செல்லின் உடம்பு முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவ் முனையைச் சுற்றியுள்ள சின்ன வளையம் நழுவினால் ஷார்ட் ஆகிவிடும்.

எம்ஏஎச் கணக்கை மறந்துவிட்டு வாட் மணியில் கணக்குப் போடுங்கள். 3,500 எம்ஏஎச்சை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட் மணி, இரண்டு நல்ல செல்லுக்கு 25. அதை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது 15 சதவீதம் சூடாகப் போய், கைக்குக் கிடைப்பது 21. பை 4 சும்மா இருக்கும்போது 3 வாட், முழு வேலையில் 6 வாட்டுக்கு மேல் இழுக்கும். சராசரி 5 வாட் என்று வைத்தால் நான்கு மணி நேரம் வரும். விளம்பரக் கணக்குப்படி ஆறு மணி நேரத்தையும் தாண்ட வேண்டும். எங்கள் செல்கள் இரண்டும் சேர்ந்து கொடுத்ததோ 8 வாட் மணி, அதாவது ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.

அடுத்தது அந்த 3 ஆம்பியர். லென்ஸ் வைத்துப் பார்த்தால் போர்டில் இருந்த சிப் ஐபி5306. சிப்பில் குறையில்லை, அது பவர் பேங்குக்காகச் செய்தது. அதன் டேட்டாஷீட்டே அதிகபட்சம் 2.4 ஆம்பியர் என்றுதான் சொல்கிறது. அதிலிருந்து 3 ஆம்பியர் எடுக்கலாம் என்று எழுதியவர் மனதாரப் பொய் எழுதியிருக்கிறார். லோடு 45 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் 32 விநாடியில் தானே அணைந்துவிடும் குணமும் அதற்கு உண்டு. செல்லின் ஹோல்டரையும் பாருங்கள். 3.3 வோல்ட்டுக்கு இறங்கிய செல்லிலிருந்து 5 வோல்ட்டில் 2.4 ஆம்பியர் எடுக்க, செல் பக்கம் 4 ஆம்பியருக்கு மேல் ஓடியாக வேண்டும். மெல்லிய ஸ்பிரிங் முனையில் 0.1 ஓம் இருந்தாலே 0.4 வோல்ட் அங்கேயே போய்விடும். பத்து நிமிடம் ஓட்டிய பிறகு அந்த ஸ்பிரிங்கைத் தொட முடியாத அளவுக்குச் சூடு. பட்டைத் தகடு வைத்த ஹோல்டராக இருந்தால் பரவாயில்லை, வெறும் கம்பிச் சுருள் என்றால் வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மோசடி, ‘கரண்ட் போனாலும் அணையாது’ என்பது. யூபிஎஸ் வாங்குவதே அதற்காகத்தான். இந்த வகைப் போர்டில் அடாப்டர் செருகியிருக்கும்போது 5 வோல்ட் அடாப்டரிலிருந்து நேராகப் பைக்குப் போகிறது. பிளக்கைப் பிடுங்கினால் சிப் அதைக் கண்டுபிடித்து, சார்ஜிங்கை நிறுத்தி, பிறகு பூஸ்ட்டை, அதாவது செல்லின் வோல்ட்டேஜை 5-க்கு உயர்த்தும் வேலையை, தொடங்க வேண்டும். அந்த இடைவெளியில் பைக்குக் கரண்ட் இல்லை. 1.2 ஆம்பியர் லோடில் ஆசிலோஸ்கோப் (வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கத்தைப் படமாகக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தபோது வோல்ட்டேஜ் 3.1 வரை விழுந்து எழுந்தது, பள்ளத்தின் அகலம் 180 மில்லி விநாடி. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே பை ‘வோல்ட்டேஜ் குறைவு’ என்று எச்சரிக்கும். 3.1-இல் ரீபூட் ஆவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால் ஃபைல் சிஸ்டமும் கெட்டுப்போகும்.

சாதாரண மல்டிமீட்டரில் இது தெரியவே தெரியாது. அது விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். இந்தப் பள்ளம் அதன் இடுக்கில் மறைந்துவிடும். 5 வோல்ட் லைனில் 1,000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 1.2 ஆம்பியர் இழுக்கும்போது 0.4 வோல்ட் குறைய அது தாங்கும் நேரம் மில்லி விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. 180 மில்லி விநாடியைத் தாண்ட அரை ஃபாரட்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவு பெரிய கெப்பாசிட்டரை வைத்தால் அது முதலில் நிறையும்போது இழுக்கும் கரண்ட்டுக்கே சிப் டிரிப் ஆகிவிடும்.

ஆசிலோஸ்கோப் இல்லாவிட்டாலும் சோதிக்கலாம். உதவாத எஸ்டி கார்டு ஒன்றில் ஓஎஸ் ஏற்றுங்கள். ஸ்ட்ரெஸ்-என்ஜி (stress-ng) என்ற நிரலை வைத்து பிராசஸரின் நான்கு கோரையும் முழு வேலையில் ஓட விடுங்கள். உங்களிடம் இருக்கும் எஸ்எஸ்டி, கேமரா எல்லாவற்றையும் செருகிக்கொள்ளுங்கள். பிளக்கை இருபது முறை பிடுங்கிச் செருகுங்கள். பிறகு விசிஜென்சிஎம்டி (vcgencmd) கட்டளையில் ‘கெட் த்ராட்டில்ட்’ (get_throttled) கேளுங்கள். பூஜ்யம் வந்தால் சரி. 50000 என்றால் இடையில் எப்போதோ வோல்ட்டேஜ் விழுந்து வேகம் குறைந்தது என்று பொருள், 50005 என்றால் இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. ரீபூட் ஆனால் இந்தப் பதிவு அழிந்துவிடும். ஆகவே பை எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று காட்டும் அப்டைமையும் சேர்த்துப் பாருங்கள். பேட்டரி நிறைந்திருக்கும்போது ஒரு முறை, இருபது சதவீதத்துக்கு இறங்கியதும் இன்னொரு முறை செய்ய வேண்டும். நிறைந்த பேட்டரியில் தப்பித்த பல போர்டுகள் இரண்டாவதில் விழுந்துவிடும்.

அலைவடிவப் படத்தை அனுப்பியதற்கு விற்றவரிடமிருந்து வந்த பதில்: “உங்கள் கேபிள் சரியில்லை.” கேபிளால் வோல்ட்டேஜ் விழுவது உண்மைதான். 28 கேஜ் கம்பி உள்ள ஒரு மீட்டர் கேபிளில் போக வர 0.42 ஓம், 2.5 ஆம்பியரில் ஒரு வோல்ட்டே போய்விடும். 20 கேஜ் என்றால் 0.17 வோல்ட்தான். ஆனால் இந்தப் போர்டு பையின் தலையிலுள்ள 40 பின் வரிசையில் நேராக உட்காருகிறது. போர்டுக்கும் பைக்கும் நடுவில் கேபிளே கிடையாது. இப்படிப் பதில் வந்தால் அதையே திருப்பி எழுதுங்கள்.

தானாக ஷட் டவுன் ஆகும் என்பதற்குப் பெட்டிக்குள் இருந்தது நான்கு எல்இடி மட்டும். பேட்டரி தீரப்போகிறது என்று பைக்குச் சொல்ல ஒரு கம்பிகூட இல்லை. கொஞ்சம் விலை கூடிய போர்டுகளில் ஐ2சி என்ற தகவல் இணைப்பு வழியாகப் பேட்டரி சதவீதம் தருவார்கள், ஆனால் பலவற்றில் மெயின்ஸ் இருக்கிறதா இல்லையா என்ற தகவல் வராது. வாங்கும் முன் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். மெயின்ஸ் தகவல் மட்டும் இல்லையென்றால் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். அடாப்டர் பக்கத்து 5 வோல்ட்டை 10 கே, 20 கே ரெசிஸ்டர் வைத்து 3.3 வோல்ட்டாகப் பிரித்து பையின் ஒரு ஜிபிஐஓ பின்னுக்கு (சிக்னல் வாங்கும் பின்) கொடுங்கள். 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் பின் செத்துவிடும். மெயின்ஸ் போய் இரண்டு நிமிடம் வராவிட்டால் ஷட் டவுன் செய்யும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

இதில் பலரும் மாட்டும் இடம் ஒன்று உண்டு. பை ஒழுங்காக ஷட் டவுன் ஆகிவிட்டது, போர்டு இன்னும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, அதற்குள் மெயின்ஸ் வந்துவிட்டது. பையைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை, ஆகவே அது எழுந்திருக்காது. மொட்டை மாடிப் பெட்டியிலோ தோட்டத்து மோட்டார் ரூமிலோ இருக்கும் பை என்றால் ஆள் போய்த்தான் எழுப்ப வேண்டும். ஷட் டவுன் ஆன பிறகு போர்டு அவுட்புட்டை வெட்டுமா, மெயின்ஸ் வந்ததும் பட்டன் அழுத்தாமல் திரும்பக் கொடுக்குமா என்று கேட்காமல் எந்தப் போர்டையும் வாங்காதீர்கள். பவர் பேங்கை யூபிஎஸ் ஆக வைப்பவர்களுக்கும் இதே தொல்லைகள்தான்.

பை 5 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் வேண்டும். தலையிலுள்ள பின் வழியாகக் கரண்ட் கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று பையால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. 3 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டு எல்லா யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர் மட்டும் தரும். செட்டிங்கில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட முடியும். போர்டு நிஜமாகவே 5 ஆம்பியர் தராவிட்டால் அதைச் செய்யாதீர்கள்.

எங்கள் பையை இப்போது தாங்குவது 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி சீல்டு லெட் ஆசிட் பேட்டரி. 13.6 வோல்ட் ஃப்ளோட் சார்ஜர் எப்போதும் பேட்டரியோடு இணைந்தே இருக்கிறது, பேட்டரியிலிருந்து, வோல்ட்டேஜைக் குறைக்கும் ஒரு பக் கன்வர்ட்டர் வழியாக 5.1 வோல்ட். மெயின்ஸ் இருந்தாலும் போனாலும் பைக்குக் கரண்ட் அதே பாதையில்தான் வருகிறது, மாறுவதற்கென்று ஒரு கணமே இல்லை. 84 வாட் மணியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலே 5 வாட் பை ஏழு மணி நேரம் ஓடும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். 11 வோல்ட்டில் வெட்டும் கட்-ஆஃப் வையுங்கள். பக் கன்வர்ட்டராகக் கிடைக்கும் எல்எம்2596 மாட்யூலை 3 ஆம்பியர் என்று விற்பார்கள், ஹீட் சிங்க் இல்லாமல் தொடர்ந்து ஓட்ட 2 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பையை மாட்டும் முன் அவுட்புட்டை 5.1-க்குத் திருகி வைத்து மீட்டரில் பார்த்துவிடுங்கள். தலைமேல் செருகும் போர்டுதான் வேண்டும் என்றால், மெயின்ஸ் இருக்கும்போதும் கன்வர்ட்டர் வழியாகவே பைக்குக் கொடுக்கும் வகையாகத் தேடுங்கள். லித்தியம் செல்லைப் பையின் சூட்டுக்கு மேலேயே வைப்பதால், மூடிய பெட்டிக்குள் 45 டிகிரியைத் தாண்டும் இடத்தில் அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது.

‘பேட்டரிப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால் அந்தச் சாக்கு செல்லாது. பார்சல் பிரிக்கும் வீடியோ, தராசில் செல் இருக்கும் படம், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் மாறிவிடும், முதல் நாளே எடுத்துவிடுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செல்லில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டால் யாருடையது என்று தெரியும். எங்கள் செல்களில் அந்த எண்ணே இல்லை. 1915-இல் புகார் பதிந்த பிறகுதான் பணம் திரும்பி வந்தது.

செல்களைத் திருப்பி அனுப்பச் சொன்னாலும், உப்பியோ நசுங்கியோ இருந்தால் கூரியரில் போடாதீர்கள். இரண்டு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.