முதுகு தாங்காத மறுபதிப்பு: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

பிள்ளைகளுக்குச் சோவியத் கதைப்புத்தகம் வாங்க வேண்டும், மறுபதிப்பே போதுமா, மூர் மார்க்கெட்டில் பழசைத் தேட வேண்டுமா என்று தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருந்தார். மூன்று மழைக்காலம் பார்த்த இரண்டு மறுபதிப்புகளின் முதுகை நேற்றுதான் பிரித்துப் பசை போட்டேன். பதிலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கையோடு இருக்கும். ணா, றா, னா சுழிந்திருக்கும், அவற்றின் ஒ, ஓ வரிசையும் (ணொ, ணோ போல) அப்படியே. மொத்தம் 13 எழுத்து. இரண்டாம் வகுப்புப் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். மறுபதிப்பில் புதிதாகத் தட்டச்சு செய்திருப்பதால் தடங்கல் இல்லை, எழுத்தும் பெரிது. அவசரத்தில் தட்டியதால் துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ வந்து உட்கார்ந்திருக்கும், ‘ஔ’ பிளந்து ‘ஒள’ ஆகியிருக்கும். பென்சிலால் திருத்திக்கொள்ளலாம், பெரிய குற்றமில்லை.

குற்றம் முதுகில் இருக்கிறது.

மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அனுப்பிய தடிமனான புத்தகங்கள் ஃபாரம் ஃபாரமாக (ஒரு பெரிய தாளை மடித்த பக்கக் கட்டு) மடித்து நூலால் தைத்தவை. விரித்தால் தரையோடு படுத்துக்கொள்ளும். அதை நம்பித்தான் ஓவியர் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம் வரைந்தார். மறுபதிப்போ பர்ஃபெக்ட் பைண்டிங். மடிப்பை 2, 3 மில்லிமீட்டர் சீவித் தள்ளிவிட்டு சூட்டில் உருக்கிய ஹாட்மெல்ட் பசையில் அட்டையை ஒட்டுகிறார்கள். சீவியது போக, சரியாக விரியாததால் இன்னும் 5 மில்லிமீட்டர் உள்ளே மறைகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்தால் ஒன்றரை சென்டிமீட்டர் படம் அம்பேல். கரடிக்கு மூக்கு இல்லை. குழந்தை மூக்கைத் தேடி அழுத்தும், முதுகு ‘படக்’ என்று விடும், மறுநாள் தாள் தனியே வரும்.

வழவழ ஆர்ட் பேப்பர் என்றால் இன்னும் மோசம். பூச்சு இருப்பதால் பசை தாளின் நாருக்குள் இறங்குவதில்லை, மேலோடு பிடித்துக்கொண்டு நிற்கிறது. பூச்சில்லாத மேப்லித்தோ தாள் எவ்வளவோ தேவலை. தாளின் இழை, அதாவது நார் ஓடும் திசை, முதுகுக்குக் குறுக்கே ஓடினால் அதுவும் வம்பு. ராயபுரம், காசிமேடு கடல்காற்றில் தாள் முதுகு நீளத்துக்கு ஊதும், பசை ஊதாது. பக்கங்கள் அலை அலையாகிப் பிடி விடும். கடையிலேயே சோதிக்கலாம்: பக்கத்தை மேலிருந்து கீழாகவும் பக்கவாட்டிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். முதுகுக்கு இணையாக மடிப்பது போல வளைக்கும்போது சுலபமாக வளைந்தால் சரியான இழை. மெல்லிய புத்தகங்களுக்கு நடு மடிப்பில் குத்தும் சென்டர் பின் நல்லதுதான், நன்றாக விரியும். ஆனால் இந்தப் பக்கத்துக் காற்றில் ஒரு மழைக்காலத்தில் பின் துருப்பிடித்துப் பழுப்புக் கறை இறங்கிவிடும். பின்னைக் கழற்றிவிட்டு அதே ஓட்டைகளில் நூல் கோத்துவிடுங்கள்.

பிரிந்த புத்தகத்தைப் பைண்டரிடம் கொடுத்தால் ஓரத்தில் குத்தும் சைடு பின் அடித்துத் தருவார். வேண்டவே வேண்டாம், மீதிக் கரடியும் போய்விடும். இஸ்திரிப் பெட்டியை மெல்லிய சூட்டில் வைத்து, வெள்ளைத்தாள் போட்டு முதுகின் மேல் ஓட்டினால் ஹாட்மெல்ட் இளகி அட்டை கழன்று வரும். பழைய பசையைச் சுரண்டிவிட்டு, உப்புத்தாளால் முதுகை லேசாகத் தேய்க்கவும். தாள்களைத் தட்டிச் சீராக்கி, இரண்டு பலகைக்கு நடுவில் முதுகு மட்டும் ஒரு அங்குலம் வெளியே தெரியப் பிடிக்கவும். இடப்பக்கம் விசிறி போலச் சாய்த்து வெள்ளைப் பசை தடவவும், வலப்பக்கம் சாய்த்து இன்னொரு தடவை. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அரை மில்லிமீட்டர் பசை ஏறும், அந்த அரைதான் பிடிமானம். மேலே காடாத் துணிப் பட்டை ஒட்டி, செங்கல் பாரம் வைத்து ஒரு ராத்திரி விடவும். ஐப்பசி, கார்த்திகை என்றால் இரண்டு. மைதாப் பசை என்றால் மயில்துத்தம் ஒரு சிட்டிகை கலக்காமல் விடாதீர்கள், பூச்சி வரும். துத்தம் விஷம் என்பதால் பிள்ளைகள் புத்தகத்துக்கு நான் வெள்ளைப் பசையோடு நிறுத்திக்கொள்வேன்.

இன்னொரு கோபமும் உண்டு. சில மறுபதிப்புகளில் ஓவியர் பெயரும் இல்லை, மொழிபெயர்த்தவர் பெயரும் இல்லை. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் மாஸ்கோவில் உட்கார்ந்து தமிழாக்கியதை யாரோ காற்றில் எழுதியது போலப் போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் பழசா? பழசின் தையலுக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன். ஆனாலும் வாங்காதீர்கள். 1991-க்குப் பிறகு அங்கிருந்து வரவே இல்லை. மூர் மார்க்கெட் என்று நாம் சொல்லும் சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் கடைகளில் அகப்பட்டால் விலையைக் கேட்டுவிட்டுப் பிள்ளை கையில் கொடுக்க மனசு வராது, பீரோவுக்குள் போய்விடும். டீச்சர், மறுபதிப்பிலேயே இரண்டு பிரதி வாங்குங்கள். கூடவே அரை மீட்டர் காடாத் துணி.