தொடையா, நுரையீரலா, புழுவா? ஆன்டிபயாடிக் சோதனைகளில் எதை நம்பலாம்

1940 மே 25 அன்று ஆக்ஸ்போர்டில் எட்டுச் சுண்டெலிகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைச் செலுத்தி, நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். மருந்து கிடைக்காத நான்கும் மறுநாள் விடிவதற்குள் இறந்துவிட்டன. பிழைத்ததா, இறந்ததா என்று பார்க்கும் இந்த முறைதான் மிகப் பழையது. பதில் பளிச்சென்று கிடைக்கும். ஆனால் கிருமி எவ்வளவு குறைந்தது என்று தெரியாது, விலங்கு படும் வேதனையும் அதிகம். இன்று இதைக் கடைசியாகத்தான் வைப்பேன்.

என் முதல் தேர்வு தொடைத் தொற்றுச் சோதனை. முதலில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுத்து, கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் வெள்ளணுக்களை எலியின் உடலில் குறைத்துவிடுவார்கள். அப்புறம் தொடைத் தசையில் பாக்டீரியாவைச் செலுத்தி, மருந்து கொடுத்து, பெரும்பாலும் 24 மணி நேரம் கழித்துத் தசையை அரைத்து, தட்டில் வளரும் கிருமிகளை எண்ணுவார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் விலகி நிற்பதால், தெரிவது மருந்தின் வேலைதான். ஒரே நாள் அளவைப் பலவிதமாகப் பிரித்துக் கொடுத்துப் பார்ப்பதில்தான் இதன் உண்மையான பலம். பெனிசிலின் வகைக்கு, மருந்து தேவையான அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே முக்கியம். ஜென்டாமைசின் வகைக்கு உச்ச அளவும் மொத்த அளவும் முக்கியம். ஒன்று கவனிக்க வேண்டும்: எலி பல மருந்துகளை நம்மைவிட வேகமாக வெளியேற்றிவிடும். அதனால் எலிக்குக் கொடுத்த மில்லிகிராம் கணக்கை அப்படியே மனிதருக்குக் கொண்டுவரக் கூடாது. இரத்தத்தில் இருக்கும் மருந்தளவைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஆனால் தசையில் ஜெயித்த மருந்து நுரையீரலில் ஜெயிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. டாப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தோல் தொற்றில் நன்றாக வேலை செய்தது. நிமோனியா நோயாளிகளிடம் செஃப்ட்ரையாக்ஸோன் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைவிடப் பின்தங்கியது. நுரையீரலின் காற்றறைகளின் உட்புறத்தைப் பூசியிருக்கும் சர்பாக்டன்ட் என்ற கொழுப்புப் பொருள் டாப்டோமைசினைப் பிடித்து முடக்கிவிடுகிறது. எலியின் மூச்சுப்பாதை வழியாகத் தொற்று உண்டாக்கிய சோதனையிலும் இதே தோல்விதான். மூக்கு வழியாகப் போகும் கிருமி எல்லா எலிகளிலும் ஒரே மாதிரி பரவுவதில்லை, முடிவுகள் சிதறும், எலிகளும் கூடுதலாகத் தேவைப்படும். இருந்தாலும் நிமோனியா மருந்துக்கு இதைத் தவிர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எலிக்குப் பதிலாகக் கிருமியைச் செலுத்திச் சோதிக்கும் மெழுகுப்பூச்சிப் புழு மலிவானது, 37 டிகிரி வெப்பத்தையும் தாங்கும். ஆனால் அதற்கு நுரையீரலும் இல்லை, ஆன்டிபாடியும் இல்லை. உதவாத மருந்துகளைக் கழித்துவிட மட்டும் பயன்படுத்தலாம். மருந்தளவு கணக்கிட வேண்டாம்.

விலங்கே இல்லாத முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது உள்ளீடற்ற இழைக் கருவி (hollow fibre): மெல்லிய குழல் போன்ற இழைகளுக்கு வெளியே கிருமி அடைபட்டிருக்கும், மருந்து இழைச் சுவர் வழியாக அதைச் சென்றடையும். மனித இரத்தத்தில் மருந்து ஏறி இறங்கும் விதத்தை அப்படியே நடத்திக்காட்டும். பல நாள் ஓட்டினால் எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமிகள் எப்போது தலையெடுக்கின்றன என்றும் தெரியும். 24 மணி நேரத் தொடைச் சோதனையில் அது பெரும்பாலும் பிடிபடாது. நுரையீரல் மருந்தென்றால், எலிக்குப் போகும் முன்பே வளர்ப்புத் திரவத்தில் சர்பாக்டன்ட் கலந்து பார்த்துவிடலாம். டாப்டோமைசினின் பலவீனம் அந்தச் சோதனைக் குழாயிலேயே தெரிகிறது.