ரெண்டாங்கிளாஸ் எழுத்தறிவு தினத்துக்கு ஸ்டோரிவீவர் யூஸ் பண்ணோம்

பொண்ணு படிக்கிறது பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு சின்ன ஸ்கூல், செப்டம்பர் 8 எழுத்தறிவு தினத்துக்கு பேரண்ட்ஸ் யாராவது வந்து கதை படிங்கன்னு மிஸ் கேட்டாங்க, நானும் வாய் சும்மா இருக்காம சரின்னுட்டேன். கிளாஸ்ல பாதி தமிழ், பாதி கன்னடம், ரெண்டு மூணு உருது பிள்ளைங்க, எந்த புக்கை எடுத்துட்டு போறதுன்னே புரியல.

அப்பதான் ஸ்டோரிவீவர்ங்கற குழந்தைங்க கதை வெப்சைட் ஞாபகம் வந்துச்சு. நம்ம பெங்களூரு பதிப்பகம் பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்சது, காசே கிடையாது. ஒரே கதை பல மொழியில இருக்கும், லெவல் 1ல இருந்து 4 வரைக்கும் பிரிச்சிருக்காங்க, லெவல் 1ன்னா பக்கத்துக்கு ஒரு வரி ரெண்டு வரிதான். கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ங்கறதால டவுன்லோட் பண்ணி பிரிண்ட் போடலாம், நாமளே மொழிபெயர்த்தும் போடலாம், எழுதினவங்க வரைஞ்சவங்க பேரையும் லைசென்ஸையும் போட்டு, மாத்தியிருந்தா அதையும் சொல்லிட்டா போதும்.

நான் தமிழ்ல ஒரு பக்கம் படிக்க, மிஸ் அதையே கன்னடத்துல படிக்க, பிள்ளைங்க ரெண்டையும் கத்துதுங்க பாருங்க, பக்கத்து கிளாஸ் சார் எட்டிப் பாத்துட்டு போனார். வாயே திறக்காத ஒரு பையன் படத்தை பாத்து அவனா ஒரு கதை விட்டான், அது ஒரிஜினலை விட நல்லாருந்துச்சு!

கலர் பிரிண்ட்தான் பர்ஸை பதம் பாத்துடுச்சு, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் பச்சையை நீலமா அடிச்சு குடுத்துட்டார். ப்ரொஜெக்டர் இருந்தா அதுலயே போட்டுடுங்க. அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார்.